நாலைவிட ஐந்து உசத்தியா?

பழைய மோட்டார் வண்டி ஒன்றை வீட்டில் வைத்துக் கொண்டிருப்பவருக்கு இந்த உலகத்தில் இலவசமாகக் கிடைக்கக் கூடியது ஒன்றே ஒன்றுதான், அது புத்திமதி. பெட்ரோலுக்குப் பணம் கொடுக்க வேண்டும். டயருக்கும் கொடுக்க வேண்டும். வண்டி நடுத் தெருவில் படுத்துக் கொண்டால் தள்ளிவிட வருகிறவர்களுக்குக் காப்பியாவது வாங்கித் தர வேண்டும். புத்திமதிக்கு மாத்திரம் சல்லிக் காசு செலவில்லை. அண்டை வீட்டுக்காரர், ஆபீஸ் சிநேகிதர், மைத்துனர், எண்ணெய்க் கடைக்காரர் ஆகிய எல்லோரும் அதை வாரி வழங்குவார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆனால் ஒரு புத்திமதி மட்டும் நிச்சயமாகக் கெடுதல் செய்யக் கூடியது. "இருப்பதற்குள் உயர்ந்த கியர் ஆயிலாகப் பார்த்து ஊற்றிவிடுங்கள்; வண்டிக்கு நல்லது!" என்பதுதான் அது.

என்ஜினுக்கு எண்ணெய் வேண்டும் என்பதை எல்லோரும் அறிவார்கள். குச்சியை உருவிப் பார்ப்பதும், குறைந்திருந்தால் ஊற்றுவதும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரிந்த காரியம். ஆனால் வண்டியின் அடியில் இன்னும் இரண்டு இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று கியர் பெட்டி. மற்றொன்று பின் சக்கரங்களுக்கு நடுவில் பூசணிக்காய் மாதிரி உருண்டு நிற்கும் பின் அச்சுப் பெட்டி; பட்டறைக்காரர்கள் "கிரௌன்" என்று சொல்வது அதற்குள் இருக்கும் பல் சக்கரங்களைத்தான். இந்த இரண்டு பெட்டிகளுக்குள்ளும் எண்ணெய் இருக்கிறது. அது எரிவதில்லை, சீக்கிரம் கறுப்பதுமில்லை, ஆகவே யாருடைய ஞாபகத்துக்கும் வருவதில்லை. தப்பான எண்ணெயை ஊற்றினாலும் மறுநாள் வண்டி வழக்கம் போலவே ஓடும். ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்துக் கியர் மாற்றும்போது 'கறக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குள் இன்ன எண்ணெய் ஊற்றினோம் என்பதே மறந்து போயிருக்கும்.

மாட்டு வண்டிக் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. வைக்கோலைக் கொளுத்திக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை தயார். அதை ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வண்டியின் அடியில் தொங்கவிட்டுக் கொண்டு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். இந்த விளக்கெண்ணெயை இளப்பமாக நினைத்துவிட வேண்டாம். 1909-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு கம்பெனியார் விளக்கெண்ணெய் சேர்த்து ஒரு மோட்டார் எண்ணெய் தயாரித்தார்கள். ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரை வைத்தே அதற்கு 'காஸ்ட்ரால்' என்று நாமகரணம் செய்தார்கள். நம் தோட்டத்து வேலியோரத்துச் செடிக்கு அவ்வளவு பெரிய உத்தியோகம் கிடைத்தது! நாளாவட்டத்தில் பிசினாகக் கெட்டிப்பட்டுவிடும் என்ற ஒரு குற்றத்துக்காகத்தான் பிற்காலத்தில் சாதாரண வண்டிகளிலிருந்து விளக்கெண்ணெய்க்கு விடை கொடுத்தார்கள்.

இருக்கட்டும். கடைக்கு வருவோம். தாத்தா ஆசையாக வாங்கி வைத்துவிட்டுப் போன அம்பாஸிடருக்குப் பேரன் கியர் ஆயில் வாங்கப் போகிறான். கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைக்கிறார். ஒன்றில் ஜி.எல்.4 என்று போட்டிருக்கிறது. மற்றொன்றில் ஜி.எல்.5 என்று போட்டிருக்கிறது. விலையும் சற்றுக் கூடுதல்.

"இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று பேரன் கேட்கிறான்.

"நாலைவிட ஐந்து உசத்தி இல்லையா, ஸார்?" என்கிறார் கடைக்காரர்.

கணக்கு என்னவோ சரிதான். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு நாலாம் வகுப்புக்கு மேற்பட்டதுதான். ஆனால் எண்ணெய் டப்பாவின் மேல் அமெரிக்கப் பெட்ரோலிய ஸ்தாபனத்தார் போட்டிருக்கும் இந்த இலக்கங்கள் வகுப்புகள் அல்ல, வேலைகள். தச்சனுக்கு நாலு என்றும் கொல்லனுக்கு ஐந்து என்றும் இலக்கம் கொடுத்தால், வீட்டு ஜன்னலைச் செப்பனிடக் கொல்லனைக் கூப்பிடுவது புத்திசாலித்தனமாகுமா?

ஐந்தாம் இலக்கம் எதற்காக ஏற்பட்டது என்பதைத் தெரிந்து கொள்ளப் பின் அச்சுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். என்ஜினிலிருந்து பின்னோக்கி வரும் நீண்ட தண்டின் முனையில் ஒரு சிறிய பல் சக்கரம் இருக்கிறது, அது பினியன். அது ஒரு பெரிய வட்டப் பல் சக்கரத்தைச் சுழற்றுகிறது, அது கிரௌன். ஆதி காலத்து மோட்டார்களில் பினியன் கிரௌனின் மையத்துக்கு நேராக இருந்தது. அதனால் தண்டு உயரத்தில் ஓடிற்று; அதற்கு மேலே தளம், அதற்கும் மேலே ஆசனம் என்று வண்டியே கோயில் சப்பரம் போல் உயர்ந்து நின்றது. 1920-களில் அமெரிக்காவில் க்ளீஸன் என்னும் யந்திர சாலையார் பினியனை மையத்துக்குக் கீழே இறக்கிப் பொருத்தும் பல் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். 1926-ல் பாக்கார்டு கம்பெனி அதைத் தன் மோட்டாரில் கையாண்டது. இதற்கு ஹைப்பாய்டு என்று பெயர். தண்டு தாழ்ந்தது, தளம் தாழ்ந்தது, வண்டியின் தோற்றமே மாறிற்று.

ஆனால் இந்த அழகுக்கு ஒரு விலை இருந்தது. நேரான பற்கள் ஒன்றின் மேல் ஒன்று பெரும்பாலும் உருள்கின்றன. அப்பளம் இடும் குழவியைப் போல. ஹைப்பாய்டுப் பற்களோ ஒன்றின் மேல் ஒன்று இழுபட்டுத் தேய்கின்றன. அம்மிக் குழவியைப் போல. வண்டியின் பாரம் முழுவதையும் தாங்கிக் கொண்டு இப்படித் தேய்த்தால், நடுவிலிருக்கும் எண்ணெய்ப் படலம் கிழிந்து போகிறது. இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் சந்தித்து, சூட்டினால் ஒட்டிக் கொண்டு, பிறகு பிய்த்துக் கொள்கின்றன. வெறும் எண்ணெயால் இதைத் தடுக்க முடியாது. ஆகையால் ரசாயன நிபுணர்கள் எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரமும் சேர்ந்த மருந்துகளைக் கலந்தார்கள். சூடேறிய இடத்தில் இந்தக் கந்தகம் இரும்போடு சேர்ந்து மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்குகிறது. தேய்கிறபோது அந்தத் தோல் தேய்ந்து போகிறது. உடனே புதுத் தோல் உண்டாகிறது. பல் பிழைத்துக் கொள்கிறது. ஜி.எல்.5 என்பது இந்த மருந்து நிறையக் கலந்த எண்ணெய். ஜி.எல்.4-ல் ஏறக்குறைய அதில் பாதி.

மருந்து அதிகமாயிருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். பின் அச்சுக்கு நல்லதுதான். கியர் பெட்டிக்குள்ளேதான் வம்பு வருகிறது. ஏனெனில், அங்கே இரும்பு மட்டும் இல்லை, பித்தளையும் இருக்கிறது.

பழைய காலத்து டிரைவர்கள் கியர் மாற்றுவதைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கிளட்சை ஒரு தரம் மிதித்து, விட்டு, என்ஜினைக் கொஞ்சம் உறுமவிட்டு, மறுபடியும் மிதித்துத்தான் கியரை நுழைப்பார்கள். வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு சக்கரங்களைச் சம வேகத்துக்குக் கொண்டு வருவதற்காக அந்தக் காலாட்டம். 1928-ல் காடிலாக் கம்பெனி இந்த வித்தையை யந்திரத்துக்குள்ளேயே வைத்துவிட்டது. கூம்பு வடிவமான ஒரு வளையம் சக்கரத்தின் கழுத்தில் போய் அழுந்தி, அதன் வேகத்தைச் சமப்படுத்திய பிறகே கியர் உள்ளே நுழையும். இதுதான் சிங்க்ரோமெஷ். பழைய வண்டிகளில் அந்த வளையம் பெரும்பாலும் பித்தளை அல்லது வெண்கலத்தால் ஆனது. இரண்டிலும் பெரும் பங்கு தாமிரம்.

தாமிரத்துக்கும் வெள்ளிக்கும் கந்தகம் ஆகாது என்பதை வீட்டுப் பெண்மணிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பீரோவில் பத்திரமாக வைத்த வெள்ளிக் கிண்ணம் நாளடைவில் கறுப்பது காற்றிலுள்ள கந்தக வாயுவினால்தான். கிண்ணமானால் எடுத்துத் தேய்த்துப் பளபளக்கச் செய்யலாம். கியர் பெட்டிக்குள் கையை விட்டு வளையத்துக்குப் புளி போட்டுத் தேய்க்க முடியுமா? சூடான எண்ணெயில் வருஷக் கணக்காக ஊறிக் கிடக்கும் வளையத்தின் மேற்பரப்பு மெல்ல மெல்லக் கறுத்துக் கரைகிறது. அதில் செதுக்கியிருக்கும் நுண்ணிய வரிகள் மழுங்குகின்றன.

எண்ணெய்க் கம்பெனிகளுக்கு நியாயம் செய்ய வேண்டியதும் நமது கடமை. தற்கால ஜி.எல்.5 எண்ணெய்களில், சூடு மிகுந்த இடத்தில் மட்டும் வேலை செய்யும்படி அடக்கி வைத்த கந்தகத்தையே கலக்கிறார்கள். தாமிரத் தகடு ஒன்றைத் தேய்த்து மினுக்கி, 121 டிகிரி உஷ்ணமுள்ள எண்ணெயில் மூன்று மணி நேரம் போட்டு வைத்துப் பரீட்சையும் செய்கிறார்கள். ஆனால் பரீட்சையில் தேறியது என்றால் தகடு மினுமினுப்பாகவே வெளியே வந்தது என்று அர்த்தமல்ல. கறுப்பு ஓர் அளவுக்கு மேற்படவில்லை என்றுதான் அர்த்தம். மூன்று மணி நேரத்துக்கு இந்தக் கதி. தாத்தாவின் அம்பாஸிடர் அந்த எண்ணெயோடு பத்து வருஷம் குடித்தனம் செய்ய வேண்டும்.

இன்னொரு கெடுதலும் உண்டு. அது ரசாயனத்தைப் பற்றியதல்ல, வழுக்கலைப் பற்றியது. சிங்க்ரோ வளையம் என்பது உண்மையில் ஒரு சின்னஞ்சிறு பிரேக். உராய்ந்தால்தான் அதற்குப் பிழைப்பு. அளவுக்கு மீறி வழுக்குகிற எண்ணெயில் வளையம் பிடிக்காமல் நழுவுகிறது. வேகம் சமமாவதற்கு முன்பே கியர் நுழையப் பார்க்கிறது. 'கறக்' என்று பற்கள் பேசுகின்றன. பித்தளை ஒரு துளியும் கரையாவிட்டாலும் இந்தச் சத்தம் வரலாம். அப்போது எண்ணெயை மாற்றினால் சத்தமும் போய்விடும். வளையமே மழுங்கியிருந்தால் போகாது.

அந்த வளையம் போனால் என்ன ஆகும்? வாங்கிப் போடலாமே என்பீர்கள். உத்தரபாராத் தொழிற்சாலையில் அம்பாஸிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. பத்மினி என்று 1974 முதல் வழங்கிய பியட் வண்டி அதற்கு வெகு முன்பே நின்று போயிற்று. சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். புதுப்பேட்டைக் கடைகளில் தேடினால் கிடைக்கலாம். கிடைப்பது நம்முடையதைவிட அதிகமாகத் தேய்ந்ததாகவும் இருக்கலாம். கியர் பெட்டியை இறக்கி, பிரித்து, மறுபடி பூட்டத் தெரிந்த கைகளும் குறைந்து வருகின்றன. இரண்டு டப்பா எண்ணெய்க்குள்ள விலை வித்தியாசம் ஒரு பக்கம். இந்த அலைச்சல் ஒரு பக்கம். நிறுத்துப் பார்த்துக் கொள்ளலாம்.

ஆகவே சிங்க்ரோ உள்ள பழைய கியர் பெட்டிக்கு ஜி.எல்.4, ஹைப்பாய்டுப் பின் அச்சுக்கு ஜி.எல்.5. ஒரே டப்பாவை வாங்கி இரண்டு இடத்திலும் ஊற்றுகிற சிக்கனம் வேண்டாம். அம்பாஸிடர், பத்மினி இரண்டின் பின் அச்சும் ஹைப்பாய்டு வகைதான். அச்சுக்குள்ளும் சில வண்டிகளில் மெல்லிய வெண்கலத் தட்டைகள் உண்டு. அதற்காகப் பயந்து அங்கே மருந்து குறைந்த எண்ணெயை ஊற்றினால், தட்டை பிழைத்துப் பல் செத்துப் போகும். பல்லுக்குத்தான் முதலிடம் என்பது நம் அபிப்பிராயம். "ஜி.எல்.4 மற்றும் 5" என்று இரண்டையும் ஒரே டப்பாவில் அச்சடித்து விற்பதும் உண்டு. சிங்க்ரோமெஷ் கியர் பெட்டிக்கு ஏற்றது என்று தயாரித்தவர்களே தெளிவாக எழுதியிருந்தாலொழிய அதைக் கியர் பெட்டியின் பக்கம் கொண்டு போக வேண்டாம்.

இதை மாறாத விதியென்று கொள்ளவும் கூடாது. வண்டிக்கு வண்டி சுபாவம் வேறு. பெஜோ 403, 404 வண்டிகளில் பின் அச்சுக்குள்ளேயே பெரிய வெண்கலச் சக்கரம் இருக்கிறது. அதற்குத் தனி எண்ணெய். 1962-ல் வெளிவந்த எம்.ஜி.பி. என்னும் ஆங்கிலேய வண்டியின் கியர் பெட்டிக்குக் கியர் ஆயிலே கூடாது, என்ஜின் எண்ணெய்தான். 1959-ல் பிறந்த மினியிலோ என்ஜினும் கியரும் ஒரே எண்ணெயில் ஒற்றுமையாக வாழ்கின்றன. இன்னும் சில வண்டிகளின் கியர் பெட்டி, தானியங்கிக் கியர்களுக்கான சிவப்பு எண்ணெயைக் கேட்கும். அம்பாஸிடரிலேயே 1990-களில் வந்த இஸூஸு என்ஜின் வண்டிக்கு ஐந்து கியர் கொண்ட வேறு பெட்டி. பழைய நாலு கியர் பெட்டியின் ஜாதகம் அதற்குப் பொருந்தாது. வண்டியோடு வந்த கையேடு பரணில் கிடந்தால் முதலில் அதைத் தேடி எடுக்க வேண்டும். 'ஹைப்பாய்டு ஆயில்' என்று அதில் போட்டிருந்தால் அது அச்சுக்கு. 'கியர் ஆயில்' என்று வெறுமனே போட்டிருந்தால் மருந்தில்லாத, அல்லது மருந்து குறைந்த எண்ணெய் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

ஜீப் விஷயம் தனி. 1947-ல் மஹிந்திரா கம்பெனியார் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பும் அதன் சந்ததிகளும் மலைத் தோட்டங்களில் இன்னும் உழைத்துக் கொண்டிருக்கின்றன. அவற்றில் நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பங்கிடும் டிரான்ஸ்ஃபர் பெட்டி, கியர் பெட்டியின் பின்னாலேயே ஒட்டிக் கொண்டிருக்கும். பழைய மாதிரிகள் பலவற்றில் நடுவே துளை உண்டு. ஒன்றில் ஊற்றிய எண்ணெய் மற்றொன்றுக்கும் போகும். அங்கேயும் வெண்கலத் தட்டைகள் இருப்பதால் இரண்டுக்கும் மென்மையான எண்ணெய்தான். முன், பின் அச்சுகள் இரண்டுக்கும் ஹைப்பாய்டு எண்ணெய்.

எண்ணெயின் கனத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கியர் ஆயிலில் 90 என்று போட்டிருந்தால், அது என்ஜின் எண்ணெய் 40-ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் அளவுகோலே வேறு. தற்கால அளவின்படி 90 என்பது 100 டிகிரி உஷ்ணத்தில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை. என்ஜின் எண்ணெயில் 40, 50 என்பவையும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கின்றன. 80W-90 என்றால் கடுங்குளிரிலும் ஓடும் என்று பொருள். தமிழ்நாட்டுச் சமவெளியில் அந்த W-வுக்கு அதிக வேலை கிடையாது. வெறும் 90 போதும். உதகமண்டலத்தில் மார்கழி மாதத்து விடியற்காலையில் வண்டியைக் கிளப்புகிறவர்களுக்கு 80W-90 சௌகரியமாயிருக்கும்.

முன் காலத்து எண்ணெய்களின் கனம் வேறு. 1928 முதல் 1931 வரை உற்பத்தியான போர்டு 'ஏ' மாடல் மோட்டாருக்கு '600W' என்ற எண்ணெயை ஊற்றச் சொன்னார்கள். அது நீராவி யந்திரத்தின் சிலிண்டருக்கென்று ஏற்பட்ட எண்ணெய். ஏறக்குறைய வெல்லப் பாகு. அந்த வண்டியில் சிங்க்ரோ கிடையாது; பற்களும் ஹைப்பாய்டு அல்ல. அந்தக் கெட்டி எண்ணெயே சக்கரத்தின் வேகத்தைத் தணித்துக் கியர் மாற்ற உதவி செய்தது. அப்படிப்பட்ட வண்டி வைத்திருக்கிறவர் தற்காலத்து மெல்லிய எண்ணெயை ஊற்றினால் கியர் முரண்டு பிடிக்கும்; மூட்டுகள் எல்லாவற்றிலும் ஒழுகவும் செய்யும்.

சத்தம் போடுகிற கியர் பெட்டிக்கு 140 ஊற்றினால் சத்தம் அடங்கும் என்பது மற்றொரு கைவைத்தியம். சத்தம் அடங்கும், நோய் அடங்காது. இதன் மூத்த சகோதரன், பழைய வண்டி விற்கிற சில மகானுபாவர்கள் கியர் பெட்டியில் மரத்தூளைப் போட்டு விற்ற வித்தை. வாங்கியவர் வீடு போய்ச் சேரும் வரை பெட்டி பரம சாந்தமாக இருக்குமாம்!

பழைய எண்ணெயை வடித்ததும் அதைச் சாக்கடையில் கொட்டிவிடாமல், முதலில் வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும். வடியும் துளைத் திருகின் முனையில் காந்தம் இருந்து, அதில் சாம்பல் நிறச் சேறு கொஞ்சம் ஒட்டியிருந்தால் பயமில்லை. அது வயதின் அடையாளம். எண்ணெயில் தங்கப் பொடி தூவினாற் போல் மினுமினுத்தால், அது நம் பித்தளை வளையம். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் நின்ற வண்டிகளை இப்படிப் பார்த்திருக்க வேண்டும். ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் முழுகினால் உள்ளேயிருக்கும் காற்று சுருங்கி, மேலேயுள்ள மூச்சுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக் கொள்ளும்.

அந்த மூச்சுத் துளை எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பதும் முக்கியம். சேறு அடைத்துக் கொண்டால், சூட்டில் விரிந்த காற்று போக வழியில்லாமல் எண்ணெயை அச்சின் இரு முனைகளுக்கும் தள்ளும். எண்ணெய் கசிந்து பிரேக்கின் மேல் படியும். பிறகு எவ்வளவு உயர்ந்த எண்ணெய் ஊற்றியிருந்தும் என்ன? மலைப் பாதையில் குடும்பத்தோடு இறங்கும்போது பிரேக் பிடிக்காது. ஐந்து நிமிஷ வேலை இது. ஒரு கம்பியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும்.

எண்ணெய் மாற்றுகிற நாளில் வண்டியைச் சில மைல் ஓட்டிச் சூடாக்கிக் கொண்டு வந்து, சமதளத்தில் நிறுத்த வேண்டும். கீழே வடியும் துளையில் கை வைப்பதற்கு முன்னால் மேலே ஊற்றும் துளையின் திருகைக் கழற்றிவிட வேண்டும். பல வருஷமாக அசையாத திருகு சில சமயம் கழலவே கழலாது. எண்ணெயை வடித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். இரண்டு டப்பாக்களின் மேலும் 'பெட்டி', 'அச்சு' என்று முன்னதாகவே பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டால், அவசரத்தில் மெக்கானிக்கின் பையன் மாற்றி ஊற்றமாட்டான். ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் ஏறி, மெல்ல வழிய ஆரம்பிக்கும்போது நிறுத்த வேண்டும். வழிகிற மட்டும் வழிய விட்டு, திருகைப் பூட்டிவிடலாம்.